மீதி ஒன்று

உறவுமானியின் தலையில் தனுஷ்கோடி பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார். அரசாங்க இயந்திரம் அடிக்குப் பணியும் என்பது பிணவறை வாசலில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் அவர் கற்றுக்கொண்ட பாடம். இன்றைக்கு அது பணியவில்லை. திரையில் ஒரே ஒரு '1' வந்து நிற்க வேண்டிய இடத்தில், பொடி எழுத்தில் வரி வரியாக ஒரு பெரிய எண் நீண்டு கிடந்தது.

"என்ன தம்பி, என்ன சொல்லுது அது?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து அந்த அம்மாள் கேட்டாள்.

"கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா. பெஞ்சில உக்காருங்க."

பெயர் மருதாம்பாள். எழுபதைத் தாண்டியவள். உள்ளே குளிர்பெட்டியில் கிடந்தது அவளுடைய தம்பி சங்கரலிங்கம். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். உடலை வாங்கிப்போக அவளைத் தவிர யாரும் வரவில்லை. காலையில் வந்ததிலிருந்து அந்த அம்மாள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதைத் தனுஷ்கோடி கவனித்திருந்தார்.

இந்த எண் விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசாங்கம் ஓர் எண் கொடுத்தது. ஏறக்குறைய தொள்ளாயிரம் இலக்கம். அதற்குள் மூன்று பகா எண்களைப் பெருக்கி வைத்திருந்தார்கள். தாய்வழியில் வருவது ஒன்று, தகப்பன் வழியில் வருவது ஒன்று, பிள்ளைக்கே சொந்தமாக ஒன்று. பெருக்குவது சுலபம். பெருக்கியதைத் திரும்பப் பிரிப்பது எந்தக் கணிப்பொறியாலும் ஆகாத காரியம். ஆனால் இரண்டு பேருடைய எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டால் உறவுமானி கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்று படித்து மறந்தோமே, அதுதான். பொதுவாக ஒரு பெரிய எண் வந்தால் சொந்தம். '1' என்று வந்தால் சொந்தமில்லை.

அக்காள் தங்கை பிள்ளைகளுக்குள் பொது எண் வரும். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள்ளும் வரும். மாமன் மகளையும் அத்தை மகனையும் வைத்துப் பார்த்தால் '1' வரும். ஊரில் முறை என்று சொல்வதையே எண்ணும் சொன்னதால் சனங்கள் மறுபேச்சுப் பேசாமல் அதை ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும், வீடு வாசல் மாற்றவும், பிணத்தை வாங்கவும் அதுவே சட்டமாகிவிட்டது.

சரி, தாய் தகப்பன் யாரென்று தெரியாத பிள்ளைக்கு எதைப் பெருக்குவது? பெருக்காமல் ஒரே ஒரு பெரிய பகா எண்ணைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். அப்படிப்பட்டவர்களுக்கு ஊர் வைத்த பட்டம் 'ஒத்தை'. கணக்குப்படி பார்த்தால் ஊரில் அத்தனை பேருடைய எண்ணும் ஒற்றைப்படைதான். பட்டம் மட்டும் இவர்களுக்கு.

தனுஷ்கோடி ஒரு ஒத்தை. பெரும்புயல் அடித்த வருடம் காப்பகத்துக்கு வந்து சேர்ந்த கைக்குழந்தைகளில் ஒருவர். காப்பகத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டே எண்தான். ஒருவன் அட்டையை இன்னொருவன் அட்டையோடு வைத்துப் பார்ப்பார்கள். '1' வரும். இன்னொருவனோடு வைப்பார்கள். அப்போதும் '1'. தனுஷ்கோடியின் எண் 529 என்று முடியும். தொள்ளாயிரம் இலக்கங்களையும் கூட்டி, வந்ததைக் கூட்டி, ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்டிக்கொண்டே போனால் அதுவும் ஒன்று என்றுதான் வரும். "எப்படிப் போனாலும் நீ ஒண்ணுதான்டா" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். வளர்ந்த பிறகு பேருந்து நிலையத்தில் இருந்த பொது உறவுமானியில், பேப்பரில் வரும் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களின் எண்களை எல்லாம் தன் எண்ணோடு வைத்துப் பார்ப்பார். நாற்பது வயதில் அந்தப் பழக்கம் அலுத்துப்போய் நின்றுவிட்டது. பெண் பார்க்கப் போன ஒரே வீட்டில், எல்லோரோடும் '1' வருகிற மாப்பிள்ளை யாரோடும் ஒட்டாத மாப்பிள்ளை என்று சொல்லிக் காபியோடு அனுப்பிவைத்தார்கள்.

அந்த ஒட்டாமைக்குத்தான் அவருக்கு வேலை கிடைத்தது. உடலை ஒப்படைப்பதற்கு முன் இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் எடை போடுவதற்கு முன் வெறும் தராசைத் தூக்கிப் பார்ப்பதைப் போல. ஓர் ஒத்தையின் எண்ணை இறந்தவரின் எண்ணோடு வைத்தால் '1' வந்தே ஆக வேண்டும். வந்தால் இயந்திரம் நல்ல இயந்திரம். வராவிட்டால் பழுது. அதனால் எல்லாப் பிணவறை வாசலிலும் ஓர் ஒத்தையை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வேலையில் சேர்ந்த அன்று அவருடைய எண் பகா எண்தானா என்று நூறு தடவை சோதித்தார்கள். மீதி ஒன்று, மீதி ஒன்று என்று நூறு தடவையும் ஒரே பதில் வந்தது.

யாரும் வாங்க வராத உடல்களை மின்மயானத்துக்குக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்துவதும் அவர் வேலைதான். விதியில் இல்லாத ஒரு வேலையையும் அவராகச் சேர்த்துக்கொண்டிருந்தார். மேசை இழுப்பறையில் ஒரு சின்ன டப்பா நிறைய பச்சரிசி வைத்திருப்பார். அனாதைப் பிணம் எதுவானாலும் உள்ளே தள்ளுவதற்கு முன் வாய்க்கரிசி போடுவார். "உமக்கென்ன உறவா, பாத்தியதையா?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். உறவு இல்லாததால்தான் போடுகிறேன் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்பதால் அவர் பதில் சொல்வதில்லை.

அவர் மாற்று இயந்திரத்தை எடுத்து வைத்து, சங்கரலிங்கத்தின் எண்ணைக் காட்டி, தன் அட்டையை வைத்தார். அதே பெரிய எண் வந்தது. கடைசி மூன்று இலக்கம் 307.

307 என்பது அவர் வீட்டுக்குப் போகிற பஸ். அதனால்தான் அது மனதில் நின்றிருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன் ஒருநாள் இதே மாதிரி இரண்டு இயந்திரங்களும் '1' காட்டாமல் போனது. அன்றைக்கும் தட்டிப் பார்த்தார். அன்றைக்கும் 307 என்று முடிந்ததைப் பார்த்து, இது என்ன நம் பஸ் நம்பராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இரண்டு இயந்திரமும் பழுதென்றால் இறந்தவருடைய எண்ணே சிதைந்துவிட்டது என்று பொருள். சிதைந்த எண்ணுக்குச் சொந்தம் தேட முடியாது. "எண் சிதைவுன்னு எழுதி அனுப்பிடும்யா" என்றார் அப்போதிருந்த கண்காணிப்பாளர். தனுஷ்கோடியும் அப்படியே எழுதி, உடலை மின்மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "அம்மா, இவங்க எண் சிதைஞ்சிருக்கும்போல. டெக்னீஷியனுக்குச் சொல்லியிருக்கேன். அவங்க வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்."

மருதாம்பாள் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டாள். "இது என்ன தம்பி கொடுமை! எங்க அக்காவுக்கும் இதையேதான் சொன்னாவ. இதே ஆஸ்பத்திரிதான். எண் கெட்டுப்போச்சாம், சொந்தம் தேட முடியலையாம், எரிச்சுட்டாவளாம். நானும் இவனும் பம்பாய்ல இருந்து ஓடி வந்தா சாம்பலக்கூடக் காட்டல. இப்ப இவனையும் அப்படியே கொண்டுபோயிருவியளா? எங்க குடும்பத்து எண்ணு மட்டும் என்ன எலி கடிச்ச எண்ணா?"

எந்த வருடம் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் வாங்கவில்லை.

மதியம் பெனிட்டா வந்தாள். தொழில்நுட்பப் பிரிவுப் பெண். தூத்துக்குடிப் பக்கம். வேலையில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. இரண்டு இயந்திரங்களையும் திறந்து மூடினாள். தன் கைக்கணினியில் எதையோ தட்டினாள். தட்டத் தட்ட அவள் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது.

"சார், ரெண்டு மிஷினும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எண்தான் சிதைவு."

"இல்ல சார். சிதைஞ்ச எண்ணுன்னா கன்னாபின்னான்னு ஏதாவது வரும். இது அச்சடிச்ச மாதிரி ஒரே எண்ணு. கெட்டுப்போன ரெண்டு மிஷின் கூடிப் பேசியா பொய் சொல்லும்?" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்க எண்ண இந்த எண்ணால வகுத்துப் பாத்தேன் சார். மீதியே இல்லாம வகுபடுது."

"பகா எண் எப்படிம்மா வகுபடும்?"

"வகுபடாது. அப்ப உங்களுது பகா எண் இல்ல."

தனுஷ்கோடி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நூறு தடவ சோதிச்சாங்கம்மா."

"எப்படிச் சோதிச்சாங்க? அந்தக் காலத்து அவசரச் சோதனைதானே? ஒரு எண்ண எடுத்து, அடுக்குக்கு மேல அடுக்கா ஏத்தி, உங்க எண்ணால வகுத்து, மீதி ஒண்ணு வந்தா பகா எண்ணுன்னு முத்திரை. சில எண்ணு இருக்கு சார், பயங்கரக் கள்ளன். பகா எண் வேஷம் போடும். போலிப் பகா எண்ணுன்னு பேரு. எதக் கொண்டு சோதிச்சாலும் மீதி ஒண்ணுன்னே வரும்." அவள் மேசைமேல் விரலால் எழுதினாள். "ஏழ எடுத்துக்கோங்க. ரெண்டால பெருக்கி ஒண்ணக் கழிங்க."

"பதிமூணு."

"ஏழ மூணால பெருக்கி ரெண்டக் கழிங்க."

"பத்தொன்பது."

"மூணுமே பகா எண்ணு. மூணையும் பெருக்குனா ஆயிரத்து எழுநூத்து இருபத்தொம்பது. அது அப்படி ஒரு கள்ளன். இலக்கத்தக் கூட்டிப் பாருங்க."

பத்தொன்பது, பத்து, ஒன்று. தனுஷ்கோடி மனதுக்குள் கூட்டினார். காப்பகத்துப் பிள்ளைகளின் சிரிப்பு காதில் கேட்டது.

"உங்க எண்ணும் இதே அச்சுதான் சார். ஏழுக்குப் பதிலா முன்னூறு இலக்கத்துல ஒரு பகா எண்ணு. இந்தா, திரையில தெரியுதே, அதுதான். அத ரெட்டிச்சு ஒண்ணக் கழிச்சது ஒண்ணு, மூணு மடங்காக்கி ரெண்டக் கழிச்சது ஒண்ணு. எல்லாப் பகா எண்ணுக்கும் இப்படி வாய்க்காது. லட்சத்துல ஒண்ணுக்கு வாய்ச்சாப் பெரிசு. தானா வந்ததில்ல சார் இது. கணக்குத் தெரிஞ்ச யாரோ உக்காந்து கட்டியிருக்காங்க."

"யாரு?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா அந்த முன்னூறு இலக்க எண்ணு, உள்ள படுத்திருக்காரே, அவரோட தாய்வழி எண்ணு." பெனிட்டா அவர் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "அந்தச் சோதனையில இந்தக் கள்ளனப் பிடிக்க ஒரே ஒரு வழிதான் சார். அதுக்குள்ள இருக்கிற காரணியே வந்து தொடணும். ஊரே சோதிச்சாலும் மீதி ஒண்ணுதான். சொந்தக்காரங்க தொட்டா மட்டும் வேஷம் கலைஞ்சிரும்."

தனுஷ்கோடி குளிர்பெட்டி வரிசையைப் பார்த்தார். ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதனுக்குத் தாய்மாமன் கிடைத்திருக்கிறார், அதுவும் பெட்டிக்குள்.

"சார், அஞ்சு மணிக்கு என் அறிக்கை தலைமையகத்துக்குப் போயிரும். மிஷின்ல குத்தமில்ல. அதனால ரெண்டு எண்ணுல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு நான் எழுதியாகணும். அவரு எண்ணு சிதைவுன்னு எழுதினா, அந்தம்மாகிட்ட உடலத் தர முடியாது. மின்மயானம்தான். உங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்ல. நானும் வாயத் திறக்க மாட்டேன்."

"என் எண்ணு கெட்டதுன்னு எழுதினா?"

"உடல் அந்தம்மாவுக்குப் போகும். உங்க எண்ணு போலின்னு ரத்தாயிரும். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், பென்ஷன் போகும். புது எண்ணு வாங்கணும்னா தகப்பன் வழி எண்ணு கேப்பான். உங்ககிட்ட அது இல்ல. சாகிறவரைக்கும் எண்ணில்லாத ஆளா அலையணும் சார். மாத்திரை வாங்கக்கூட முடியாது." அவள் கைக்கணினியை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் எத எழுதட்டும்?"

அவர் எழுந்து வெளியே போனார். மருதாம்பாளின் பக்கத்தில், அதே பெஞ்சில், கொஞ்சம் இடம்விட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அது சொந்தக்காரர்கள் உட்காருகிற பெஞ்சு.

"உங்க அக்கா என்ன வேலை பாத்தாங்கம்மா?"

"எண் ஆபீஸ்ல. பிள்ளையளுக்கு எண்ணு போடுத வேலை. கணக்குல புலி. எந்நேரமும் எதையாவது பெருக்கிக்கிட்டே இருப்பா. எதுக்குக் கேக்கிய?"

"பிள்ளைங்க உண்டா?"

மருதாம்பாள் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். தம்பியும் போன பிறகு இனி யாருக்காக மறைப்பது என்று நினைத்தாளோ என்னவோ, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு உண்டு. கல்யாணம் ஆகல. எவனோ ஒருத்தன் வயித்துல குடுத்துட்டு ஓடிட்டான். தகப்பன் எண்ணு இல்லாத பிள்ளைக்கு எண்ணு கிடையாதுன்னுட்டாவ. எண்ணில்லாட்டி ஒரு தடுப்பூசி போட நாதியில்ல. அந்தப் புயலு வந்துச்சு பாருங்க, ஊர் ஊராப் பிள்ளையளத் தூக்கிக் காப்பகத்துல போட்டாவ. அந்தக் கூட்டத்தோட கூட்டமா இவளும் கொண்டுபோய் விட்டுட்டா. ஒத்தை எண்ணாவது கிடைக்கும்லா?"

"அப்புறம் போய்ப் பாக்கலையா?"

"பாக்கப் போனா மாட்டிக்கிடுவான், அவன் பொழப்புப் போயிரும்னு சொல்லுவா. என்ன மாட்டிக்கிடுவான், ஏது மாட்டிக்கிடுவான்னு எனக்கு ஒரு எழவும் புரியாது. 'பாவி, பெத்த பிள்ளைய இப்படி ஒத்தையா விட்டுட்டியே'ன்னு நான் ஏசும்போதெல்லாம் ஒரே பதில்தான். 'ஒத்தையா விடல மருதா, நான் அவன ஒத்தையா விடல'ம்பா. நிறையப் பிள்ளையளோட இருக்கான்னு சொல்லுதாளாக்கும்னு நானும் நினைச்சுக்கிடுவேன்."

தனுஷ்கோடி தன் எண் அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ஓரமெல்லாம் தேய்ந்த அட்டை. பகா எண் உள்ளவர்களுக்குப் போடுகிற ஒற்றைச் சிவப்புக் கோடு அதில் இன்னும் மங்காமல் இருந்தது. வாழ்நாள் முழுக்க அந்தக் கோட்டைப் பார்த்து அவர் குமைந்திருக்கிறார். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு பெண் தன்னையே இருமடங்காகவும் மும்மடங்காகவும் ஆக்கிப் பெருக்கி, யார் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பி, "பெனிட்டா! என் எண்ணையே எழுதிடும்மா!" என்று கத்தினார்.

உள்ளே கைக்கணினியைத் தட்டும் ஓசை கேட்டது.

"என்ன தம்பி, எதுக்கு அழுதிய?" என்றாள் மருதாம்பாள் பதறிப்போய்.

அவர் சொன்னார். கணக்கை அவளுக்குப் புரியவைக்க முயலவில்லை. அட்டையையும், சங்கரலிங்கத்தின் எண்ணையும், திரையில் வந்ததையும் மட்டும் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. எழுந்து போய்த் தன் அட்டையை ஜன்னல் இயந்திரத்தில் வைத்தாள். பெனிட்டா அவருடைய அட்டையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பொடி எழுத்துகள் திரை நிறைய வந்து நின்றன. மருதாம்பாளுக்கு எண்ணெல்லாம் தெரியாது, '1' தெரியும். அது '1' இல்லை என்பது தெரிந்தது.

அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "மூக்கு அவதான்" என்றாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"உன்ன ஒத்தையா விடலன்னு சொன்னவள நாங்க ஒத்தையா அனுப்பிட்டோமேடா! பெத்த பிள்ள உள்ளூர்ல இருக்க, வாய்க்கரிசி போட ஒரு கை இல்லாம, கொள்ளி வைக்க ஒரு ஆள் இல்லாம, எவனோ ஒரு ஆஸ்பத்திரிக்காரன் பட்டன அமுக்கி எரிச்சானேடா அவள!"

தனுஷ்கோடி அவள் கைகளை மெல்ல விலக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நரைத்த நீளமான கூந்தல். கால் பெருவிரல்களைக் கட்டக்கூட யாரும் இல்லை என்று அவரே துணி கிழித்துக் கட்டினார்.

"ஒத்தையா அனுப்பல, சித்தி" என்றார். "வாய்க்கரிசி நான்தான் போட்டேன். பட்டன அமுக்கினதும் நான்தான்."

மருதாம்பாளின் அழுகை சட்டென்று நின்றது. உள்ளே பெனிட்டா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தனுஷ்கோடி எழுந்து போய் மேசை இழுப்பறையைத் திறந்து அரிசி டப்பாவை எடுத்துக்கொண்டார். மாமாவுக்கு வேண்டும்.